மூன்றாண்டுப் பட்டமா, நான்காண்டுப் பட்டமா? பிரிட்டிஷ், அமெரிக்கத் தகுதிகளை ஒப்பிடுவது எப்படி



இந்த மாதக் கல்விப் பக்கத்தில் ஒரு கணக்கும் ஒரு கேள்வியும் இருக்கின்றன. பிரிட்டனில் மூன்று ஆண்டு படித்து வாங்கும் பட்டமும் அமெரிக்காவில் நான்கு ஆண்டு படித்து வாங்கும் பட்டமும் சமமா? இது கணக்கு. சமம் என்றால், அதைச் சொல்வது யார்? இது கேள்வி.

சுவா சூ காங் பிள்ளைகளுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. டெக் வாய் வாக்கில் ஜூரோங் பயனியர் தொடக்கக் கல்லூரி இருக்கிறது. சுவா சூ காங் குரோவில் ஐடிஇ மேற்குக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் போகிற பிள்ளைகள் ஒரே எம்ஆர்டி நிலையத்தில் இறங்குகிறார்கள். ஒரே புளோக்கில் அக்கா ஏ லெவல் எழுதுவார், தம்பி ஹையர் நைடெக் படிப்பார், மேல்மாடி அண்ணன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு தேசிய சேவையில் இருப்பார். மூவருக்கும் ஒரு நாள் இதே கேள்வி வரும்: "அடுத்து எங்கே? லண்டனா, அமெரிக்காவா, இங்கேயேவா?" வீட்டில் பெரியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "அமெரிக்கப் பட்டம்தான் பெரிசு" என்பார் மாமா. "இங்கிலாந்துன்னா ஒரு வருஷம் மிச்சம்" என்பார் சித்தி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் சேமிப்பை எடுத்துக் கட்டணம் கட்ட முடியாது.

எனவே முறையாகப் பார்ப்போம்.

1. ஒரு பழைய சான்றிதழின் கதை

1905-இல் சிங்கப்பூரில், செப்பாய் லைன்ஸ் பகுதியில், ஒரு சிறிய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. டான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர்ச் சமூகத் தலைவர்கள் ஆளுநரிடம் மனு கொடுத்து, 87,000 வெள்ளிக்கு மேல் நிதி திரட்டி, இதைச் சாத்தியமாக்கினார்கள். முதல் அணி மாணவர்கள் 1910-இல் தேறி வெளியே வந்தார்கள். அவர்கள் வாங்கியது பட்டம் அல்ல. மருத்துவம் பார்ப்பதற்கான உரிமச் சான்றிதழ்.

1916-இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்டது. அதுவரை இந்த வட்டாரத்துக்குள் மட்டும் செல்லுபடியான தாள், அதன்பின் பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தாளாக ஆனது. அந்தப் பள்ளிதான் பிறகு கிங் எட்வர்ட் VII மருத்துவக் கல்லூரியானது. 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியாக இருக்கிறது.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கல்வித் தகுதி என்பது இரண்டு பகுதி கொண்டது. ஒன்று, நீங்கள் கற்றது. மற்றொன்று, அதை யார் ஏற்கிறார்கள் என்பது. 1915-இல் தேறிய மாணவரும் 1917-இல் தேறிய மாணவரும் ஒரே வகுப்பறையில்தான் படித்தார்கள். ஆனால் லண்டனில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு அந்தத் தாளின் வீச்சை மாற்றியது. பிரிட்டிஷ், அமெரிக்கத் தகுதிகளை ஒப்பிடும்போது இந்த இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகப் பார்க்கணும். பெரும்பாலான குழப்பம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

2. பள்ளிப் படிப்பு முடியும்போது கையில் என்ன இருக்கிறது?

கேம்பிரிட்ஜ் தேர்வுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1891-இல். இன்றும் நம்முடைய ஓ லெவல், ஏ லெவல் சான்றிதழ்களில் கேம்பிரிட்ஜின் பெயர் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் ஓ லெவல் எப்போதோ போய்விட்டது. 1988-இல் அதன் இடத்தில் ஜிசிஎஸ்இ வந்தது. "நான் ஓ லெவல் எழுதினேன்" என்று இன்றைய லண்டன் மாணவரிடம் சொன்னால், அவருடைய அப்பாவுக்குத்தான் அது சட்டென்று புரியும். நம் ஊரிலும் 2027 முதல் ஓ லெவல், என் லெவல் என்ற தனிப் பெயர்கள் போய், சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்ற ஒரே பெயர் வருகிறது. அதற்குள் ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் நிலை குறிக்கப்படும்.

பிரிட்டிஷ் முறையின் அடிப்படை இதுதான்: வெளியிலிருந்து ஒரு தேர்வு வாரியம் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்கும், வெளியில் உள்ளவர்களே திருத்துவார்கள், அந்த மதிப்பெண்ணே உங்கள் முகவரி. 16 வயதில் பல பாடங்கள். 18 வயதில் ஏ லெவலில் சில பாடங்கள் மட்டும், ஆனால் ஆழமாக. இங்கிலாந்தில் பெரும்பாலும் மூன்றே பாடம். நம் தொடக்கக் கல்லூரிகளில் எச்1, எச்2 என்ற அமைப்பு 2006 முதல் இருக்கிறது. வழக்கமாக மூன்று எச்2, ஒரு எச்1, அவற்றில் ஒன்று மாறுபட்ட துறையிலிருந்து. கூடவே பொதுத்தாள், தாய்மொழி. அதாவது இங்கிலாந்தின் ஏ லெவலைவிட நம்முடையது சற்று அகலமானது.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான பள்ளி இறுதித் தேர்வே கிடையாது. மாணவர் 12-ஆம் வகுப்பு முடித்தால் அவருடைய பள்ளியே ஹைஸ்கூல் டிப்ளோமா தரும். அந்த ஒரு தாளால் பல்கலைக்கழகம் எதையும் அளக்க முடியாது. அதனால் நான்கு ஆண்டு மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிறார்கள். ஜிபிஏ என்ற சராசரியைப் பார்க்கிறார்கள். 1600-க்கு மதிப்பிடப்படும் எஸ்ஏடி தேர்வைப் பலர் எழுதுகிறார்கள். கல்லூரித் தரத்தில் பாடம் எடுத்தவர்கள் ஏபி தேர்வு எழுதுகிறார்கள். அதில் 1 முதல் 5 வரை மதிப்பு. இவற்றோடு கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, வெளிச் செயல்பாடுகள் எல்லாம் சேரும்.

எனவே "ஏ லெவலுக்குச் சமமான அமெரிக்கச் சான்றிதழ் எது?" என்றால், ஹைஸ்கூல் டிப்ளோமா என்று சொல்லக் கூடாது. டிப்ளோமாவோடு நல்ல ஏபி மதிப்பெண்களும் சேர்ந்ததுதான் ஏ லெவலுக்கு அருகில் வரும். பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க மாணவர்களிடம் இதைத்தான் கேட்கின்றன. அதேபோல, பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நல்ல ஏ லெவல் மதிப்பெண்ணுக்குச் சில பாடங்களைக் கழித்துக்கொள்கின்றன. தமிழ் எடுத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏபி மொழித் தேர்வுகளில் தமிழ் இல்லை. ஆனால் உங்கள் எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும் ஒரு முழு ஏ லெவல் பாடம். விண்ணப்பத்தில் அதைக் கூச்சமில்லாமல் முதல் வரிசையில் எழுதுங்கள்.

3. கிரெடிட் கணக்கு

சரி, இப்ப கணக்குக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஹானர்ஸ் பட்டத்துக்கு மொத்தம் 360 கிரெடிட். ஆண்டுக்கு 120, மூன்று ஆண்டு. அமெரிக்காவில் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட். ஆண்டுக்கு 30, நான்கு ஆண்டு. "360 எங்கே, 120 எங்கே! பிரிட்டிஷ் பட்டம் மூணு மடங்கு பெரிசு" என்று அவசரப்படக் கூடாது. ஒரு முழு ஆண்டு உழைப்பை ஓரிடத்தில் 120 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 30 என்கிறார்கள். அவ்வளவுதான். ஆகவே பிரிட்டிஷ் கிரெடிட்டை நான்கால் வகுத்தால் ஏறக்குறைய அமெரிக்கக் கிரெடிட் கிடைக்கும்.

360-ஐ நான்கால் வகுத்தால் 90. அமெரிக்கப் பட்டம் 120. மிச்சம் 30. அதாவது சரியாக ஓர் ஆண்டு.

அந்த ஓர் ஆண்டு எங்கே போனது? அமெரிக்கப் பட்டத்தில் முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு பெரும்பகுதி பொதுக் கல்வி. பொறியியல் மாணவரும் வரலாறு படிப்பார். இலக்கிய மாணவரும் கணிதமோ அறிவியலோ ஒன்றிரண்டு பாடம் எடுப்பார். அதன் பிறகே 'மேஜர்' என்ற முதன்மைத் துறையில் இறங்குவார். பிரிட்டிஷ் முறையில் அந்தப் பொதுக் கல்வி பள்ளியோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏ லெவலிலேயே ஒருவர் கல்லூரித் தர ஆழத்தைத் தொட்டுவிட்டார் என்பது அவர்கள் கணக்கு. அதனால் முதல் நாளிலிருந்தே பொருளியல் மாணவருக்குப் பொருளியல், சட்ட மாணவருக்குச் சட்டம்.

ஆகவே காணாமல் போன 30 கிரெடிட் ஏ லெவலுக்குள் இருக்கிறது. ஏ லெவலோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டு பட்டமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்தில் ஹானர்ஸ் பட்டம் நான்கு ஆண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். "பிரிட்டன்னா மூணு வருஷம்" என்ற பொதுப்பேச்சு எடின்பரோவில் எடுபடாது.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. அங்கே பிஏ, பிஎஸ்சி பொதுவாக மூன்று ஆண்டு. 12 ஆண்டு பள்ளியும் 3 ஆண்டு கல்லூரியும் சேர்ந்தால் 15. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கு 16 ஆண்டு படிப்பை எதிர்பார்ப்பதால், பிஎஸ்சி முடித்த அத்தை மகனுக்குச் சிக்கல் வரும். பிஇ முடித்த அண்ணனுக்கு வராது. அறிவில் குறை இல்லை. ஆண்டுக் கணக்கில்தான் இடிக்கிறது.

4. 68 வாங்கினால் திட்டலாமா?

இந்தப் பகுதியைப் பெற்றோரிடம் காட்டுங்கள்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் 70-க்கு மேல் வாங்கினால் ஃபர்ஸ்ட் கிளாஸ். 60 முதல் 69 வரை செகண்ட் அப்பர். 50 முதல் 59 வரை செகண்ட் லோயர். 40 முதல் 49 வரை தேர்ட் கிளாஸ். அமெரிக்காவில் பொதுவாக 90-க்கு மேல் ஏ, 80-களில் பி, 70-களில் சி. எனவே லண்டனில் 68 வாங்கிய பிள்ளை நல்ல செகண்ட் அப்பர் வாங்கியிருக்கிறது. பல வேலைகளுக்கும் முதுகலை இடங்களுக்கும் கேட்கப்படும் வகுப்பு அது. அதே 68-ஐ அமெரிக்கக் கண்ணால் பார்த்தால் சி-க்கும் கீழே தெரியும். நம்ம ஊர் அம்மா பார்த்தால், "மீதி 32 எங்கே?" என்பார். மூன்று அளவுகோல், ஒரே உழைப்பு.

ஜிபிஏ-விலும் இதே எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் பெரும்பாலும் 4-க்கு. நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் 5-க்கு. யாராவது "எனக்கு 3.9" என்று சொன்னால், முதலில் "எத்தனைக்கு?" என்று கேளுங்கள்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். பிரிட்டிஷ் பட்டங்கள் பலவற்றில் முதலாண்டு மதிப்பெண் இறுதி வகுப்பைத் தீர்மானிக்காது, தேறினால் போதும். பிந்திய ஆண்டுகளுக்கே எடை. அமெரிக்க ஜிபிஏ-வில் முதல் பருவத்திலிருந்தே எல்லாம் சேரும். வீட்டை விட்டுப் போன புதிதில் தடுமாறுகிறவர்களுக்கு முதலாவது கொஞ்சம் இரக்கமானது. ஆனால் கடைசித் தேர்வு நாளில் காய்ச்சல் வந்தால் இரண்டாவது இரக்கமானது. உங்கள் இயல்பு எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

5. ஒரே ஊரில் இரண்டு முறையும்

இரண்டு முறைகளையும் பார்க்க விமானம் ஏற வேண்டாம். சிங்கப்பூரிலேயே இரண்டும் இருக்கின்றன.

தேசியப் பல்கலைக்கழகம் பிரிட்டிஷ் மரபில் வளர்ந்தது. ஆனால் 1990-களில் அமெரிக்க வழியில் பாடங்களைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்துக் கிரெடிட் முறைக்கு வந்தது. ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற பெயருக்குப் பதிலாக இப்போது ஹானர்ஸ் ஹையஸ்ட் டிஸ்டிங்ஷன் என்று தருகிறார்கள். பிரிட்டிஷ் ஹானர்ஸ் என்ற சொல்லும் இருக்கிறது, அமெரிக்க ஜிபிஏ-வும் இருக்கிறது. 2000-இல் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. அங்கே சிறப்பாகத் தேறியவர்களுக்கு 'சும்மா கும் லாவ்டே' என்ற லத்தீன் பட்டம். பெயர்தான் சும்மா; சும்மா கிடைப்பதில்லை.

கிளமெண்டி சாலையில் உள்ள சிம் வளாகத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே வளாகத்தில் லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் படிக்கலாம், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ பட்டமும் படிக்கலாம். லண்டன் வழியில் ஆண்டிறுதித் தேர்வுக்கே பெரும் எடை. துறைப் பாடங்கள் ஆழமாக இருக்கும். பஃபலோ வழியில் பொதுக் கல்விப் பாடங்களும், பருவம் முழுக்கச் சிறு தேர்வு, ஒப்படைப்பு, விளக்கக்காட்சி என்று தொடர் மதிப்பீடும் இருக்கும். உணவுக் கடையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காரும் இருவர், இரண்டு நாட்டு முறைகளில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

6. டாக்டர், வக்கீல், இன்ஜினியர்

பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் அதிகம் இழப்பது இங்கேதான். கவனமாகப் படியுங்கள்.

பிரிட்டிஷ் முறையில் மருத்துவமும் சட்டமும் பள்ளி முடித்ததும் நேரே சேரும் இளங்கலைப் படிப்புகள். அமெரிக்க முறையில் இரண்டுமே ஏதோ ஒரு பட்டம் முடித்த பிறகே சேரும் தொழிற்படிப்புகள். அமெரிக்காவில் எம்டி என்றால் மருத்துவர் ஆகும் முதல் தகுதி. பிரிட்டனில் அதற்கு எம்பிபிஎஸ் என்று பெயர். அங்கே எம்டி என்றால் அதற்கு மேலான ஆராய்ச்சிப் பட்டம். தமிழ்நாட்டில் எம்டி என்றால் எம்பிபிஎஸ்-க்குப் பிறகு படிக்கும் சிறப்பு மருத்துவம். ஒரே இரண்டெழுத்து, மூன்று பொருள்.

சிங்கப்பூரின் மூன்று மருத்துவப் பள்ளிகளை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். தேசியப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு எம்பிபிஎஸ். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் லண்டன் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து தொடங்கிய லீ கோங் சியான் பள்ளியிலும் ஐந்தாண்டு எம்பிபிஎஸ். முதல் அணி 2013-இல் சேர்ந்தது. இவை இரண்டும் பிரிட்டிஷ் வழி. மூன்றாவது, அவுட்ராமில் உள்ள டியூக்-என்யூஎஸ். 2005-இல் நிறுவப்பட்டது, 2007-இல் முதல் அணி. அமெரிக்க வழி: ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்க வேண்டும், பிறகு நான்காண்டு எம்டி. வயதைக் கணக்குப் போட்டால், 19 வயதில் எம்பிபிஎஸ் சேர்ந்த தங்கை 24-இல் முடிப்பார். 19 வயதில் உயிரியல் நான்காண்டு படித்து, பிறகு டியூக் போனவர் 27-இல் முடிப்பார். மூன்று ஆண்டு வித்தியாசம். ஆனால் ஏ லெவலில் மருத்துவ இடம் கிடைக்காதவருக்கு, அல்லது 22 வயதில்தான் மருத்துவர் ஆக வேண்டும் என்று தெரிந்துகொண்டவருக்கு, அந்த இரண்டாவது கதவு பெரிய வரம்.

இனி அங்கீகாரம். 1916-இல் நடந்தது இன்றும் நடக்கிறது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய, அந்தப் பல்கலைக்கழகம் சட்டப் பட்டியலில் இருக்க வேண்டும். 2020 ஜனவரியில் அந்தப் பட்டியல் 160-இலிருந்து 103 ஆகக் குறைந்தது. பிறகு சில சேர்க்கப்பட்டன. சட்டத்திலும் அப்படியே. இங்கே வழக்கறிஞர் ஆவதற்கு ஏற்கப்பட்ட பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 19 இருந்தன. 2016-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் அது 11 ஆகக் குறைக்கப்பட்டது. நீக்கப்பட்டவை மோசமான பல்கலைக்கழகங்கள் அல்ல. உலகில் பெயர் பெற்றவையும் அவற்றில் உண்டு. ஆனால் 2016-க்குப் பிறகு அங்கே எல்எல்பி சேர்ந்த சிங்கப்பூர் மாணவர், ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினாலும், அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து இங்கே நீதிமன்றத்தில் நின்று வாதாடும் வழக்கறிஞர் ஆக முடியாது. பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு இந்தப் பட்டியலைப் பார்க்காமல் விட்டால், இழப்பு மூன்று ஆண்டும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும்.

பொறியியலில் நிலைமை இலகு. வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று 1989-இல் கையெழுத்தானது. அமெரிக்காவும் பிரிட்டனும் அதன் தொடக்க உறுப்பினர்கள். சிங்கப்பூர் 2006-இல் முழு உறுப்பினரானது. ஒரு நாட்டில் தரச்சான்று பெற்ற பொறியியல் படிப்பை மற்ற நாடுகளும் சமமாக ஏற்க இது வழிசெய்கிறது. ஆனால் தரச்சான்று பல்கலைக்கழகத்துக்கு அல்ல, அந்தந்தப் படிப்புக்கு. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்புக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இல்லாமல் போகலாம்.

7. பாலிடெக்னிக், ஐடிஇ வழியாக வருபவர்களுக்கு

"இதெல்லாம் ஜேசி பிள்ளைகளுக்குத்தான்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

பாலிடெக்னிக் டிப்ளோமாவை இரண்டு முறைகளும் வெவ்வேறாக நடத்துகின்றன. பிரிட்டிஷ் முறையில் பட்டம் துறைசார்ந்தது என்பதால், அதே துறையில் நல்ல மதிப்பெண்ணோடு டிப்ளோமா முடித்தவரைப் பல பல்கலைக்கழகங்கள் நேரே இரண்டாமாண்டில் சேர்க்கின்றன. துறை மாறினால் அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும். அமெரிக்க முறையில் பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுக் கிரெடிட் மாற்றித் தருவார்கள். இதில் துறை மாற இடம் அதிகம். ஆனால் பொதுக் கல்விப் பாடங்களை அங்கே போய்த்தான் படிக்கணும்.

அமெரிக்காவில் சமூகக் கல்லூரி என்று ஒன்று உண்டு. இரண்டாண்டு, சுமார் 60 கிரெடிட், அசோசியேட் டிகிரி. அதை முடித்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டு சேரலாம். பிரிட்டனில் எச்என்டி என்ற இரண்டாண்டுத் தகுதி ஏறக்குறைய அதே படியில் நிற்கிறது. ஐடிஇ முடித்தவர்கள் முதலில் பாலிடெக்னிக் டிப்ளோமாவை எட்டுவதே இரண்டு நாட்டுக்கும் வலுவான படி. நைடெக் என்ற பெயர் சிங்கப்பூருக்கு வெளியே அதிகம் தெரியாது. டிப்ளோமா என்றால் எல்லா ஊரிலும் ஏதோ ஒரு பொருள் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் 'மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளோமா' என்றே எழுதுங்கள். வெறும் டிப்ளோமா என்று எழுதினால், அமெரிக்க அலுவலர் அதை ஹைஸ்கூல் டிப்ளோமா என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

8. பட்டத்துக்கு மேலே

பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓர் ஆண்டு, 180 கிரெடிட். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. இளங்கலையோடு கூட்டினால் ஒன்றில் நான்கு ஆண்டு, மற்றதில் ஆறு. வெளிநாட்டுக் கட்டணத்தில் இரண்டு ஆண்டு என்பது சின்னத் தொகை இல்லை.

முனைவர் பட்டத்துக்கு, பிரிட்டனில் ஆய்வுத் தலைப்போடு நுழைந்து மூன்று, நான்கு ஆண்டில் முடிக்கலாம். அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டு பாடம், பிறகு தகுதித் தேர்வு, பிறகுதான் ஆய்வு. ஐந்து, ஆறு ஆண்டு ஆகும். ஆனால் அங்கே முதுகலை இல்லாமலே இளங்கலையிலிருந்து நேரே சேரலாம், அறிவியல், பொறியியல் துறைகளில் உதவித்தொகையும் பெரும்பாலும் கூட வரும். நீளம் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இது தெரியாமல் போய்விடும்.

9. விண்ணப்பிக்கும்போது

பிரிட்டனுக்கு யூகாஸ் வழியாக ஒரே விண்ணப்பம், ஐந்து இடம். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. நம் பிள்ளைகள் ஏ லெவல் எழுதுவதற்கு முன்பே அது முடிந்துவிடும். விண்ணப்பிப்பது ஒரு துறைக்கு. எனவே 'இந்தத் துறை ஏன்' என்பதையே எழுத வேண்டும். அமெரிக்காவில் விண்ணப்பிப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு. 'நீங்கள் யார்' என்பதை எழுத வேண்டும். கோயிலில் தொண்டு செய்தது, தேவாரம் கற்றது, தம்பிக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அங்கே பேசும். லண்டன் சட்டத் துறைக்கு எழுதும்போது அதை ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, நீங்கள் படித்த சட்டப் புத்தகத்தைப் பற்றி எழுதுவது நல்லது.

தேசிய சேவைக்குப் போகும் தம்பிகள், இடம் கிடைத்தால் அதை எத்தனை ஆண்டு ஒத்திவைத்துத் தருவார்கள் என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கீகாரத்தைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி: வெளிநாட்டுப் பட்டம் எது செல்லும், எது செல்லாது என்று மொத்தமாகச் சொல்லும் மைய அமைப்பு எதுவும் சிங்கப்பூரில் இல்லை. தொழில்சார்ந்த துறைகளில் அந்தந்த வாரியம் முடிவு செய்யும். மற்ற வேலைகளில் முதலாளி முடிவு செய்வார். "எங்கள் பட்டம் அரசாங்க அங்கீகாரம் பெற்றது" என்று ஒரு விளம்பரம் சொன்னால், "எந்த வாரியம், எந்தத் தொழிலுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்குத் தரச்சான்று தருவது அரசு அல்ல, தனி அமைப்புகள். அந்தச் சான்று இல்லாமலே 'யூனிவர்சிட்டி' என்று பெயர் வைத்துக்கொண்டு பட்டம் விற்கிறவர்களும் உண்டு.

10. உங்களுக்கான பயிற்சி

லாட் ஒன்னில் உள்ள சுவா சூ காங் பொது நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். தனியாகச் செய்வதைவிட அப்பா, அம்மா, அக்கா யாரையாவது கூட வைத்துக்கொண்டால் நல்லது. வீட்டில் பிறகு வரும் பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். நீங்கள் விரும்பும் ஒரு பிரிட்டிஷ் படிப்பு, ஓர் அமெரிக்கப் படிப்பு, ஓர் உள்ளூர்ப் படிப்பு, உங்களுக்குத் தெரிந்த ஒருவர் உண்மையில் படித்த படிப்பு என்று நான்கையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

- இன்றைய என் சான்றிதழோடு எந்த ஆண்டில் சேர்வேன்? முதலாண்டா, இரண்டாமாண்டா?
- முடிக்கும்போது என் வயது என்ன? தேசிய சேவையையும் சேர்த்து எழுதுங்கள்.
- மொத்தக் கட்டணம், தங்கும் செலவோடு எவ்வளவு? ஓர் ஆண்டுக் கட்டணத்தை எழுதி நிறுத்திவிடாதீர்கள்.
- துறையை மாற்ற நினைத்தால் எந்த ஆண்டு வரை மாற்றலாம்?
- என் தொழிலுக்கு வாரியம் உண்டா? அதன் பட்டியலில் இந்தப் படிப்பு இன்றைக்கு இருக்கிறதா? பார்த்த தேதியையும் எழுதுங்கள்.
- மதிப்பெண் எத்தனைக்கு எத்தனை? முதலாண்டு சேருமா, சேராதா?

கட்டணம் பற்றிய கட்டம் பயமுறுத்தினால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். லிட்டில் இந்தியா பக்கம் பீட்டி சாலையில் உள்ள சிண்டாவில் கல்வி உதவித் திட்டங்கள் பற்றி விசாரிக்கலாம். கல்லூரியில் உயர்கல்வி ஆலோசகர் இருப்பார். அவருடைய கதவைத் தட்ட வெட்கப்பட வேண்டாம்.

விடை தெரியாத கட்டத்தைக் காலியாகவே விட்டு வாருங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தக் காலிக் கட்டங்களைத்தான் எல்லாரும் சேர்ந்து பார்க்கப் போகிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூத்த அண்ணன்மாரும் அக்காமாரும் வருகிறார்கள். இரண்டு முறையிலும் படித்தவர்கள் அவர்களில் உண்டு. உங்கள் தாளை மறக்காமல் கொண்டு வாருங்கள்.